கடைமடைக்கும் நீர் வேண்டும்

மயிலாடுதுறை மாவட்டம் தரங்கம்பாடி வட்டத்தில் அமைந்த திருக்கடையூர், மணிவிழாவுக்குப் பெயர்பெற்ற ஊர். அறுபது வயது நிறைந்த தந்தையையும் அவருடன் வாழ்ந்த தாயையும் பிள்ளைகள் அங்குள்ள கோயிலுக்கு அழைத்து வந்து மாலை சூட்டி மகிழ்வர். எண்பது நிறைந்தோரும் வருவர். அது பிற சமயச் சகோதரர்களின் வழக்கம். நமக்கு அவ்வழக்கம் இல்லை. ஆயினும், பிள்ளைகள் புடைசூழ நாணத்துடன் அமர்ந்திருக்கும் அந்தத் தாய்மார்களைக் காணும்போது எவர் உள்ளத்திலும் ஒரு கேள்வி எழும். இத்தனை ஆண்டுகளில் இந்தத் தாய் தமக்கென்று எதைக் கேட்டிருப்பார்? கேட்கும் பழக்கமே அவருக்கு இருந்திருக்குமா?

திருக்கடையூரையும் அதனைச் சூழ்ந்த ஆக்கூர், பொறையார், தரங்கம்பாடிப் பகுதிகளையும் உழவர்கள் கடைமடை என்பர். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட்டாலும், காவிரி நீர் இங்கு வந்து சேரப் பல நாட்கள் ஆகும். தலைமடை நனைந்து, நடுமடை நனைந்து, எஞ்சியதே கடைமடைக்கு. நீர் குறைந்த ஆண்டில் முதலில் வாடுவதும் கடைமடைப் பயிரே.

நம் இல்லங்களிலும் ஒரு கடைமடை உண்டு. ஸஹர் நேரத்தில் எல்லோருக்கும் முன் எழுந்து, எல்லோருக்கும் பரிமாறி, பாங்கு ஒலிக்கப் போகும் வேளையில் ஒரு மிடறு தண்ணீர் அருந்தி நோன்பு வைப்பவர் அவர். பெருநாளைக்கு அனைவருக்கும் புத்தாடை எடுத்துவிட்டு, "எனக்கு இருப்பதே போதும்" என்பவர். மூட்டுவலிக்கு மருத்துவரைப் பார்ப்பதைப் பேத்தியின் தேர்வு முடியட்டும், மகளின் பேறுகாலம் முடியட்டும் என்று தள்ளிப் போடுபவர். யார் எதைக் கேட்டாலும் அவர் நாவில் முதலில் வரும் சொல் "சரி" என்பதே.

இவர்கள் பெண்கள் மட்டும் அல்லர். இருபது வயதில் கடல் கடந்து சென்ற சபுராளியை எண்ணிப் பாருங்கள். தங்கைகளின் திருமணம், தம்பியின் படிப்பு, வீட்டின் மாடி, மச்சானின் கடைக்கு முதல் என்று அவருடைய சம்பளம் முப்பது ஆண்டுகள் ஊருக்கு ஓடி வந்திருக்கும். "அடுத்த வருடம் முடித்துக்கொண்டு வந்துவிடுவேன்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்திருப்பார். இறுதியில் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமுமாக வந்து இறங்கும் அவரிடம் தமக்கென ஒரு சேமிப்பும் இராது. தமக்கு என்ன பிடிக்கும் என்று சொல்லவும் தெரியாது.

எனினும், இச்சுமை பெரிதும் பெண்கள் மீதே விழுகிறது என்பதை அரசின் கணக்கும் காட்டுகிறது. இந்திய அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அவற்றுக்குச் செலவிட்டனர். ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். 2024-ஆம் ஆண்டின் ஆய்வில் பெண்களின் நேரம் 289 நிமிடங்களாகக் குறைந்தது. ஆண்களின் நேரம் கூடியதா என்றால், இல்லை. அதுவும் 88 நிமிடங்களாகக் குறைந்தது!

இதுதானே ஈஸார்?

இங்கே ஒரு வினா எழுவது இயல்பு. தம்மைவிடப் பிறரை முற்படுத்துவதை இஸ்லாம் 'ஈஸார்' என்று போற்றுகிறதே. அதைப் போய் ஒரு குறையாகச் சொல்லலாமா?

ஈஸார் உயர்ந்த பண்பு என்பதில் இரு கருத்து இல்லை. தமக்குத் தேவை இருந்தும் முஹாஜிர்களை முற்படுத்திய அன்சாரிகளைத் திருமறை 59-ஆம் அத்தியாயத்தின் 9-ஆம் வசனம் புகழ்கிறது. அதனையொட்டி அறிவிக்கப்படும் நிகழ்ச்சியை நாம் அறிவோம். பசித்து வந்த ஒருவருக்கு உணவளிக்கப் பெருமானார் (ஸல்) அவர்கள் தம் மனைவியர் இல்லங்களில் கேட்டனுப்பினார்கள். தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. அன்சாரித் தோழர் ஒருவர் அவ்விருந்தினரை அழைத்துச் சென்றார். அவர் வீட்டிலும் குழந்தைகளுக்கான உணவு மட்டுமே இருந்தது. குழந்தைகளை உறங்கச் செய்துவிட்டு, விளக்கை அணைத்து, கணவனும் மனைவியும் உண்பதுபோல் பாவனை செய்ய, விருந்தினர் வயிறார உண்டார்.

இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று நோக்குங்கள். அந்த ஈகையை அந்தத் தோழர் தாமே முன்வந்து ஏற்றார். எவரும் அவரை நெருக்கவில்லை. கணவனும் மனைவியும் கலந்து பேசிச் செய்தனர். மனைவி மட்டும் பசித்திருக்கக் கணவர் விருந்தினருடன் உண்ணவில்லை. அது ஓர் இரவின் தியாகம். அக்குடும்பத்தின் அன்றாட ஏற்பாடு அன்று.

நம் கடைமடைச் சகோதரியின் நிலை இதுதானா? அவர் கொடுப்பது விரும்பியா, அல்லது மறுத்தால் கோபித்துக் கொள்வார்களே, குறை சொல்வார்களே, "மாறிவிட்டாள்" என்பார்களே என்ற அச்சத்தினாலா? "இல்லை" என்று சொல்ல முடிந்தவர் "சரி" என்றால் அது ஈகை. "இல்லை" என்று சொல்லவே இயலாதவர் "சரி" என்றால் அது ஈகை அன்று. அது ஒரு வகைச் சிறை. வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. உள்ளத்தில் இரண்டுக்கும் இடையே கடலளவு தூரம்.

இந்த வேறுபாட்டை நம் மார்க்க அறிஞர்கள் மிக நுட்பமாகக் கண்டுள்ளனர். சபையில் பலர் முன்னிலையில் ஒருவரிடம் கேட்டு, அவர் மனம் விரும்பாமல் வெட்கத்துக்கு அஞ்சிக் கொடுத்தால், அது வற்புறுத்திப் பறித்ததற்கு ஒப்பாகும் என்பது ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் கருத்து. 'வெட்கம் எனும் வாளால் பெற்றது' என்று ஃபிக்ஹு அறிஞர்கள் இதனைக் குறிப்பிடுவர். பொருளுக்கே இந்த விதி என்றால், ஒருவருடைய உழைப்புக்கும் உறக்கத்துக்கும் உடல்நலத்துக்கும் இது பொருந்தாதா?

ஈஸாருக்கு எல்லையும் உண்டு. உலகக் காரியங்களில் பிறரை முற்படுத்துவது விரும்பத்தக்கது. வணக்க வழிபாடுகளில் அவ்வாறு செய்வது வெறுக்கத்தக்கது என்பது ஷாஃபியீ மத்ஹபில் அறியப்பட்ட விதி. ஹிஜ்ரி 911-இல் (கி.பி. 1505) மறைந்த இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்கள் தமது சட்ட விதிகளின் தொகுப்பில் இதனை விளக்கியுள்ளார்கள். தமது உளூவுக்கான தண்ணீரையும் தொழுகையின் முதல் வரிசையையும் பிறருக்கு விட்டுக்கொடுப்பது இதற்கு எடுத்துக்காட்டுகள். சமையல் வேலையில் அஸர் தொழுகையைக் கடைசி நேரத்திற்குத் தள்ளும் சகோதரிகள் இதனைக் கவனிக்க வேண்டும்.

தபூக் போருக்குச் செல்லாமல் தங்கிவிட்டு, பின்னர் பாவமன்னிப்புப் பெற்ற கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள், நன்றி மிகுதியால் தம் செல்வம் முழுவதையும் தானம் செய்ய முன்வந்தார்கள். அதில் ஒரு பகுதியைத் தமக்கென வைத்துக்கொள்வதே நல்லது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். கையைக் கழுத்தில் கட்டிக் கொள்ளாதே. முற்றிலும் விரித்தும் விடாதே என்னும் பொருள்பட அறிவுறுத்துகிறது திருமறையின் 17-ஆம் அத்தியாயம். நடுவழியே நம் வழி.

அடையாளங்கள்

ஒருவர் மனமுவந்து கொடுக்கிறாரா, கட்டுண்டு கொடுக்கிறாரா என்பதை எப்படி அறிவது? சில அடையாளங்கள் உண்டு.

சிறிய வேண்டுகோளையும் மறுக்க முடியாமல் நெஞ்சு படபடக்கும். மறுத்துவிட்டாலோ, அன்று இரவு உறக்கம் வராது. வீட்டில் எவர் முகம் வாடினாலும் "நான் என்ன செய்தேனோ" என்று மனம் தேடும். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் பதில் தெரியாமல் திகைப்பார். தலைவலி, முதுகுவலி, தீராத களைப்பு என்று உடல் பேசத் தொடங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியில் புன்னகை இருக்க, உள்ளே ஒரு கணக்குப் புத்தகம் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். "இவர்களுக்கு எவ்வளவு செய்தேன், ஒருவராவது நினைத்துப் பார்த்தார்களா?" என்ற கசப்பு, ஒரு நாள் அற்பமான காரணத்துக்கு வெடிக்கும். செய்த உதவியைச் சொல்லிக் காட்டினால் அதன் நன்மையும் போய்விடும் என்று நாம் ஓதியிருக்கிறோம். அந்த நிலைக்கு அவரைத் தள்ளியது அளவு மீறிய சுமை அல்லவா?

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் கேரன் ஹார்னி 1945-இலும் 1950-இலும் வெளியிட்ட நூல்களில் இத்தகையோரைப் பற்றி விரிவாக எழுதினார். பிறருடைய அன்பையும் ஒப்புதலையும் பெறுவதன் மூலமே பாதுகாப்பைத் தேடும் மனம், தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் அளவுக்கு வளைந்து கொடுக்கும் என்பது அவர் கண்டது. இளமையில் "நல்ல பிள்ளை" என்ற பாராட்டு, அடங்கி நடந்தபோது மட்டுமே கிடைத்திருந்தால், அந்தப் பாடம் முதுமை வரை மறப்பதில்லை.

ஆலோசனையில் என்ன நடக்கிறது?

இத்தகைய சகோதர சகோதரிகளுக்கு மனநல ஆலோசனை உதவும். 'கவுன்சலிங்' என்றதும் பைத்தியத்துக்குச் செய்யும் வைத்தியம் என்று நம்மில் பலர் அஞ்சுகின்றனர். அது தவறு. உள்ளத்துக்கும் உடலைப் போலவே பராமரிப்பு வேண்டும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் எழுதியுள்ளனர். ஹிஜ்ரி 322-இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) அவர்கள், உடல், உள்ளம் ஆகிய இரண்டின் நலன்களையும் ஒரே நூலில் எழுதிய அறிஞர். வீட்டில் அவசரத்துக்கு மருந்து வைத்திருப்பது போல, மனம் நலமாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்கச் சொன்னவர். சொந்த முயற்சியுடன், வெளியிலிருந்து ஒருவர் தரும் ஆலோசனையும் உள்ளத்துக்குத் தேவை என்றவர்.

ஆலோசகர் முதலில் செய்வது கேட்பது. குறுக்கிடாமல், தீர்ப்புச் சொல்லாமல், "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று வாயை அடைக்காமல் கேட்பது. வாழ்நாள் முழுவதும் பிறர் பேச்சைக் கேட்டே வந்தவருக்கு, தம் பேச்சை ஒருவர் முழுமையாகக் கேட்பதே பாதி மருந்து.

அடுத்து, ஒரு வாரத்தின் அலுவல்களைக் குறித்து வரச் சொல்வார். எவை கட்டாயக் கடமை, எவை விரும்பிச் செய்தவை, எவை அஞ்சிச் செய்தவை என்று மூன்றாகப் பிரிப்பர். மூன்றாவது வரிசை எவ்வளவு நீளம் என்பதைக் கண்டு பலர் வியப்படைவர்.

பின்னர் அந்த அச்சத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பர். "மறுத்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? முன்பு எப்போதாவது அப்படி ஆகியதுண்டா?" என்று கேட்கும்போது, மனம் வரைந்து வைத்த பூதம் பலமுறை நிழலாகவே கரைந்துவிடும்.

அதன்பின் பயிற்சி. அது பெரிய மறுப்பில் தொடங்குவதில்லை. சிறிய இடைவெளியில் தொடங்குகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு தம்பி தம் மூத்த சகோதரியிடம், "லாத்தா, நாளைக்கு இருபது பேர் விருந்துக்கு வருகிறார்கள், நீங்கள்தான் வந்து ஆக்கித் தர வேண்டும்" என்கிறார். வழக்கமான "சரி"க்குப் பதிலாக, "மஃரிபுக்குப் பிறகு சொல்கிறேன், தம்பி" என்று சொல்லப் பழகுவது முதற்படி. அந்தச் சில மணி நேரத்தில் தம் உடல்நிலை, தம் வேலை ஆகியவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு எனக்கு மருத்துவரிடம் போக வேண்டியிருக்கிறது தம்பி. பகல் சாப்பாட்டுக்கு ஒரு பண்டாரியைப் பேசிக்கொள். நான் மாலையில் வந்து கூட இருக்கிறேன்" என்று சொல்வது அடுத்த படி. இதில் கடுஞ்சொல் இல்லை, பொய்யான சாக்கும் இல்லை, உறவும் அறுபடவில்லை. இச்சொற்களை ஆலோசகர் முன்னிலையில் பலமுறை சொல்லிப் பார்க்கச் செய்வர். நாவுக்குப் பழகாத சொல் நெருக்கடியில் வாராது அல்லவா?

முதல் முறை மறுக்கும்போது குற்ற உணர்வு வரும். தவறு செய்தவருக்கு வரும் குற்ற உணர்வு வேறு. பழக்கத்தை மாற்றுபவருக்கு வரும் குற்ற உணர்வு வேறு. இரண்டையும் பிரித்தறியக் கற்றால், பின்னது நாளடைவில் தணியும்.

சில நிலைகளில் ஆலோசனை மட்டும் போதாது. உறக்கமின்மையும் துயரமும் வாரக் கணக்கில் நீடித்தால், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், மனநல மருத்துவரை உடனே காண வேண்டும். மறுத்தால் அடி விழும் என்ற வீட்டில், "இல்லை என்று சொல்லிப் பழகுங்கள்" என்பது உதவி ஆகாது. அங்கே முதலில் வேண்டுவது பாதுகாப்பு. பெண்களுக்கான 181 என்ற உதவி எண் அதற்கென உள்ளது.

எங்கே செல்வது?

நகரத்தில்தான் இவ்வசதி என்று எண்ண வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கப்பட்டபோது அவற்றுள் ஒன்று நமக்கு அருகிலுள்ள திருச்சிராப்பள்ளி. 2022 அக்டோபர் 10 முதல் 'டெலி-மானஸ்' என்னும் அரசுத் தொலைபேசிச் சேவை நடைபெறுகிறது. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். வீட்டை விட்டு வெளியே செல்லத் தயங்கும் சகோதரிகளுக்கு இது பெரிய வசதி. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய 'ஸ்நேகா' அமைப்பு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் தவிப்போரின் குரலைக் கேட்டு வருகிறது.

வீட்டு விஷயம் வெளியே போய்விடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. 2018 மே 29-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவரது மனநலம், சிகிச்சை பற்றிய செய்திகள் இரகசியமாகக் காக்கப்படுவதை அவருடைய உரிமையாக்கியுள்ளது.

நம் கரையோர மக்களுக்கு ஆலோசனை புதிதும் அன்று. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தரங்கம்பாடியையும் நாகப்பட்டினத்தையும் சூறையாடிய பின், பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் உள்ளூர்த் தொண்டர்களுக்கு மனநலப் பயிற்சி அளித்தனர். உறவை இழந்தவர்களின் அருகில் அமர்ந்து செவிசாய்ப்பதும் மருந்து என்பதை இக்கரை அன்று கண்டது. பேரிடர்க் காலத்தில் நாம் ஏற்ற ஓர் உதவியை, ஆண்டுக் கணக்கில் ஓசையின்றித் தேயும் ஓர் உள்ளத்துக்கு ஏன் மறுக்க வேண்டும்?

குடும்பத்தார் கவனத்திற்கு

"கவுன்சலிங் போனால் பெண்கள் எதிர்த்துப் பேசக் கற்றுக்கொள்வார்கள், குடும்பம் உடையும்" என்று சொல்வோர் உண்டு. உண்மை அதற்கு மாறானது. அடக்கி வைத்த கசப்பினால் உடைந்த குடும்பங்கள் ஏராளம். மெல்லச் சொல்லப்பட்ட ஒரு "இல்லை"யினால் உடையும் குடும்பம், முன்பே விரிசல் கண்டதாகத்தான் இருக்கும்.

ஆனால் இவ்வளவு காலம் "சரி" என்றே கேட்டுப் பழகிய செவிகளுக்கு முதல் "இல்லை" கசக்கவே செய்யும். அப்போது குடும்பத்தார் காட்டும் முகமே மருந்தின் மறுபாதி. இதற்கு நமக்கு அழகிய முன்மாதிரி உண்டு. ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் தம் சகோதரராக இணைக்கப்பட்ட அபுத்தர்தா (ரலி) அவர்களின் இல்லத்துக்குச் சென்றார்கள். அவருடைய மனைவி தம்மைப் பேணாத நிலையில் எளிய உடையில் இருப்பதைக் கண்டு, காரணம் கேட்டார்கள். அவர் குறை சொல்லி வரவில்லை; ஸல்மான் அவர்களே கவனித்துக் கேட்டார்கள். அபுத்தர்தா அவர்கள் பகலெல்லாம் நோன்பிலும் இரவெல்லாம் தொழுகையிலும் மூழ்கியிருந்தார்கள். ஸல்மான் அவர்கள் அவரை உடன் அமர்த்தி உண்ணச் செய்தார்கள். இரவில் உறங்கச் செய்து, பிற்பகுதியில் எழுப்பித் தாமும் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கும் உரிமை உண்டு. உம் உடலுக்கும் உயிருக்கும் உரிமை உண்டு. குடும்பத்துக்கும் உரிமை உண்டு. ஒவ்வொருவருக்கும் உரியதை வழங்குவீராக என்னும் கருத்தை எடுத்துச் சொன்னார்கள். அதனைக் கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், ஸல்மான் உண்மையே கூறினார் என்று ஏற்றார்கள்.

கேளாமலே கவனித்தல், கனிவுடன் கேட்டல், உடன் இருந்து மாற்றுதல். சிறந்த ஆலோசகரின் வேலையும் இதுதான். நல்ல கணவரின், நல்ல மகனின், நல்ல மருமகளின் வேலையும் இதுதான்.

இன்றே உங்கள் இல்லத்தைச் சற்றுக் கவனியுங்கள். கடைசியாக உண்பவர் யார்? அவருக்கு மீன் துண்டு எஞ்சியிருந்ததா? அவர் கடைசியாக மருத்துவரைக் கண்டது எப்போது? வெளிநாட்டில் இருக்கும் அத்தாவிடம் தொலைபேசியில் பேசும்போது, "என்ன அனுப்புகிறீர்கள்?" என்பதற்கு முன், "நீங்கள் சாப்பிட்டீர்களா? உங்களுக்கென்று ஏதாவது சேர்த்து வைத்தீர்களா?" என்று கேட்டதுண்டா? நீர் பற்றாக்குறைக் காலத்தில் முறை வைத்து நீர் பாய்ச்சும் உழவர்கள் நாம். வீட்டு வேலையிலும் ஓய்விலும் முறை வைக்க நமக்குத் தெரியாதா?

பிறருக்காக வாழும் சகோதரியே, சகோதரரே! கொடுப்பதை நிறுத்துங்கள் என்று எவரும் உங்களிடம் சொல்லவில்லை. உங்கள் நற்செயல் உங்கள் விருப்பத்தால் நிகழட்டும், அச்சத்தால் வேண்டாம். உங்கள் உடலும் உள்ளமும் இறைவன் உங்களிடம் ஒப்படைத்த அமானிதங்கள். பிறர் அமானிதத்தை எவ்வளவு கவனமாகக் காக்கிறீர்களோ, அவ்வளவு கவனமாக இவற்றையும் காப்பது உங்கள் கடமை.

மனமுவந்து கொடுக்கும் கரங்களையும், கேளாதவரின் தேவையையும் உணரும் கண்களையும் நம் இல்லங்களுக்கு வல்ல அல்லாஹ் வழங்கியருள்வானாக! ஆமீன்.